மேற்கு யன்னலுக்குத் துணி

ஒரே யன்னலுக்கு ஆறு தரம் அளவெடுத்த தையல்காரி யாழ்ப்பாணத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த யன்னல் வளரவுமில்லை, சுருங்கவுமில்லை. ஒன்பதடி அகலம், ஏழடி உயரம், அலுமினியச் சட்டம், உள்ளே பளிங்குக் கண்ணாடி. அளவு என் கொப்பியில் பத்திரமாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த அக்கா தொலைபேசியில், "எதுக்கும் ஒருக்கா வந்து அளந்து பாருங்கோ பிள்ளை, அவை கேப்பினம்" என்பார். நானும் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் இணுவிலுக்குப் போவேன்.

நல்லூரில் கோயில் வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி எனக்கு ஒரு திரைச்சீலைக் கடை இருக்கிறது. ஒரு வெட்டு மேசை, இரண்டு தையல் மெஷின், சுவர் நிறையத் துணி உருளைகள். பங்குனி பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கினால்தான் எங்கள் சனத்துக்கு யன்னல் ஞாபகம் வரும். பதினைந்து வருடத் தொழிலில் எல்லா வகை ஆட்களையும் பார்த்துவிட்டேன். சோபாவின் நிறத்துக்குத் துணி தேடி அலைகிறவர்கள், பக்கத்து வீட்டில் தொங்குவதைவிட ஒரு சாண் நீளமாகக் கேட்கிறவர்கள், தைத்து மாட்டிய பிறகு மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்று கழற்றிக்கொண்டு வருகிறவர்கள். எனக்குப் பொறுமை குறைவு. "துணி யன்னலுக்குத்தான், உங்கடை கலியாணத்துக்கு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லி இரண்டொரு பேரை இழந்துமிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் இந்த அக்காவிடம் மட்டும் வருடக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. என் அளவுக் கொப்பியில் அவருக்கு ஒதுக்கிய பக்கத்தின் தலைப்பில்கூடப் பெயர் இல்லை. "கேட்டுச் சொல்லுறன்" என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முறை போனபோது வாசல் படலையடியிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கனடாவில் இருக்கிற அண்ணன் கட்டிய வீடு. முகப்பெல்லாம் கண்ணாடி, முகப்பு பார்ப்பது நேர் மேற்கே. தாழ்வாரம் இறக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண்கூட நீட்டவில்லை. நீட்டினால் வீட்டின் எடுப்புக் கெட்டுவிடும் என்று படம் கீறியவர் சொன்னாராம். பனி கொட்டுகிற ஊரில் வெயிலைத் தேடிப் பிடித்து உள்ளே எடுப்பதற்காகக் கட்டுகிற வீடு அது. அதை அப்படியே கொண்டுவந்து இணுவிலில், புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் அப்பாவின் அறை. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், அவர் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றில் படுத்திருந்தார். எதிர்ச் சுவரின் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கமரா. அக்கா என்னை அறை வாசலில் மறித்து, கண்ணால் கமராவைக் காட்டினார்.

"உள்ளுக்கை போனால் மெதுவாக் கதையுங்கோ பிள்ளை. அதுக்குக் காது கேக்கும்."

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். கலியாணம் செய்யவில்லை. அண்ணன் கனடாவில், தங்கை லண்டனில், தம்பி சுவிஸில். நடுவில் பிறந்தவர் அப்பாவோடு நின்றுவிட்டார். கூடப்பிறந்தவர்களுக்கு அவர் வாயில் பெயர் கிடையாது. "கனடா ஓமெண்டுது", "லண்டன் விரும்பேல்லை", "சுவிஸ் இன்னும் பாக்கேல்லை" என்று வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரித்தான் சொல்வார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வெயிலோ மழையோ நாம் கேட்டா வருகிறது, அப்படித்தான் அவருக்கு அவர்களும் என்று பிறகு விளங்கியது.

மாதிரித் துணிக் கொத்தை அவரிடம் நீட்டினேன். "என்ன நிறம் பாக்கிறியள் அக்கா?"

"நான் என்னத்தைப் பாக்கிறது. படம் எடுத்து அனுப்பிப்போட்டுக் கேட்டுச் சொல்லுறன்."

அவர் படம் எடுக்கிறதே ஒரு வேலைதான். ஒவ்வொரு துண்டையும் கண்ணாடியில் பிடித்து ஒன்று, சுவரில் பிடித்து ஒன்று, அப்பாவின் போர்வைக்குப் பக்கத்தில் வைத்து ஒன்று. நிழல் விழுந்தால் திரும்ப எடுப்பார். இருபத்துநாலு துண்டுக்கும் இப்படியே. நான் கதிரையில் இருந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பேன். எல்லாவற்றையும் குடும்பக் குழுவில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போவார். பதில் வர நாலு நாள் ஆகும், சிலவேளை பதினாலு நாளும் ஆகும்.

மூன்று நாடும் மூன்று விதமாகச் சொன்னன. கனடா அண்ணருக்கு, கயிற்றை இழுக்க மடிந்து மடிந்து மேலே ஏறுகிற பிளைன்ட் வேண்டும். லண்டன் தங்கைக்கு வெள்ளை லேஸ், அப்பாவின் அறை பளிச்சென்று சந்தோசமாக இருக்க வேண்டும். தங்கள் ஊரில் யன்னலுக்கு வெளியே மரக்கதவு இருக்கும், வெயிலுக்கு அதுதான் சரி என்று சுவிஸ் தம்பி எழுதியிருந்தார். மூவரிலும் விஷயம் விளங்கியவர் அவர் ஒருவர்தான். ஆனால் கடைக்குட்டி. அதற்குக் கீழே அண்ணர் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டதோடு அந்தக் கதை முடிந்தது.

"இந்த அறைக்குள்ளை பகல் முழுக்க நிக்கிறது நீங்கள். உங்களுக்கு எது நல்லதெண்டு படுது?" என்று கேட்டேன்.

அவர் முகம் அப்படியே மூடிக்கொண்டது. ஏதோ கூடாத வார்த்தையைக் கேட்டுவிட்டவர் மாதிரித் துணிக் கொத்தை எடுத்து, விளிம்புகளைத் தட்டிச் சரிப்படுத்தி, என் கையில் தந்தார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நானும் கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வருடம், யன்னல் நிலையடியில் குனிந்து அளவெடுக்கிறபோது, வெள்ளை மாபிளில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளைக் கண்டேன். யன்னலடியிலிருந்து கட்டில்வரை வரிசையாகப் போயின. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நெற்றியில் வைக்கிற ஒட்டுப்பொட்டு.

"உது என்னக்கா?"

அவர் என் கையைப் பிடித்துச் சமையல் குசினிக்குக் கூட்டிப்போனார். குசினியில் கமரா இல்லை. அங்கேதான் அவருக்குக் குரல் வரும்.

"வெயில் வாற வழி, பிள்ளை. ஒண்டரைக்கு யன்னலடி. ரெண்டரைக்குக் கட்டில் கால். மூண்டேகாலுக்கு அப்பாவின்ரை முழங்கால். நாலு மணிக்கு முகத்திலை ஏறும். அஞ்சே முக்காலுக்குத்தான் மற்றச் சுவருக்குப் போகும். மாசியிலை உவ்வளவு இல்லை, சித்திரையிலைதான் முகத்துக்கு வாறது."

எந்தக் கட்டடக்காரனும் பார்க்காததை இந்த மனிசி பொட்டு ஒட்டிப் பார்த்திருக்கிறார். எனக்கு உண்மையில் பெருமையாக இருந்தது. "அப்ப எல்லாம் தெரிஞ்சிருக்குத்தானே. அவைக்கு இதைச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"படம் எடுத்து அனுப்பினனான். பொட்டுப் பசை மாபிளிலை கறை பிடிக்குமெண்டு அண்ணை சொன்னவர்."

இனி அந்த நாலு மணிக் கதையைச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பின்னேரம் நாலு மணி என்றால் கனடாவில் அண்ணர் வேலைக்கு வெளிக்கிடுகிற விடியப்புறம், சுவிஸில் தம்பிக்கு மத்தியானச் சாப்பாடு, லண்டனில் தங்கை வேலைக்கு நடுவே தேத்தண்ணி குடிக்கிற நேரம். மூன்று பேரும் ஒன்றாகக் கைபேசியைத் திறந்து அப்பாவைப் பார்க்கிற நேரம் மூன்றரையிலிருந்து நாலரை வரைதான். வெயில் அப்பாவின் முகத்தில் ஏறுகிற நேரமும் அதுவேதான். ஒன்றும் போடாமல் விட்டால் அப்பா வேகுவார். தடித்த துணியால் மூடினால் அறை இருண்டுவிடும், கமரா இரவென்று நினைத்துப் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடும். லைட்டைப் போட்டால் அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அறையை மாற்றிப் பின்னுக்குக் கொண்டுபோனால் அங்கே சிக்னல் இல்லை. ஏசி போட்டால் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டும், வேண்டாமென்று டொக்டரே சொல்லிவிட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அந்த நடுவில் அக்கா நின்றார்.

பிளைன்ட் போட்டோம். அது சூடேறி, அதன் இடுக்குகளால் வெயில் கோடு கோடாக அப்பாவின் மேல் விழுந்தது. லேஸ் போட்டோம். வெயிலுக்கு அது ஒரு அலங்காரம். மூன்றாம் வருடம் லண்டனிலிருந்து பெட்டியில் ஒரு திரைச்சீலை வந்தது. மெத்தைபோலத் தடித்த, கறுஞ்சிவப்பு வெல்வெட். குளிர்நாட்டில் வீட்டுச் சூடு வெளியே போகாமல் தடுக்க மாட்டுகிற சாமான். அதை ஒரு முழம் குறைத்துத் தைத்துத் தரச் சொன்னார்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டை உள்ளேயே நின்று மறித்து என்ன செய்வது? சித்திரை மாதத்தில் அந்த வெல்வெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டால் அப்பளம் பொரிக்கலாம். எனக்கு அது வெட்டும்போதே தெரியும். ஆனாலும் தைத்தேன். சொன்னதைத் தைக்கிறதுதானே என் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வெல்வெட்டை அக்கா மூன்றரைக்குத் திறந்து நாலரைக்கு மூடுவார். திறக்க முதல் வீட்டில் உடுக்கிற சோட்டியை மாற்றிப் பாவாடை சட்டை போட்டு, தலையை வாரி, அப்பாவின் முகத்தை ஈரத் துணியால் ஒற்றித் துடைத்து, முதுகில் வேர்க்குருவுக்குப் பவுடர் போட்டு விடுவார். "வடிவா இருக்கிறார் அப்பா" என்று லண்டன் எழுதும். அப்பாவின் நல்ல கை கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து விடும். அதை ஒருவரும் எழுதவில்லை.

ஒரு நாள் அக்கா தானாக ஒரு காரியம் செய்து பார்த்தார். அப்பாவின் பழைய வேட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடிக்கு வெளியே கயிறு கட்டித் தொங்கவிட்டார். வெளிச்சமும் வந்தது, சூடும் தணிந்தது. தென்மேற்கால் வீசுகிற சோளகக் காற்று வேறு. அடுத்த நாளே கனடாவிலிருந்து பேச்சு விழுந்தது. றோட்டால் போகிற ஆக்கள் என்ன நினைப்பார்கள், கோடிக்கணக்கில் கட்டிய வீட்டின் முகப்பில் வேட்டி காயப்போடுகிறதா என்று. இதை என்னிடம் சொல்லும்போது அக்கா அண்ணனின் பக்கம் நின்றே சொன்னார். "அவர் கஸ்டப்பட்டுக் கட்டினவர் பிள்ளை. பனிக்குள்ளை நிண்டு உழைச்ச காசு. அவற்றை மனமும் நோகும்தானே."

எனக்கு எரிச்சல் வந்தது. அண்ணனில் இல்லை, இந்த மனிசியில். இரண்டு மாதம் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை.

பிறகு ஒரு சித்திரை. தலையணை உறை நாலு தைக்கச் சொல்லியிருந்தார், கொடுக்கப் போனேன். நாலு மணி இருக்கும். கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவு திறந்திருந்தபடியால் உள்ளே போனேன். அப்பாவின் அறை வாசலில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன்.

யன்னல் திரை விலகிய வெறும் கண்ணாடியாக எரிந்துகொண்டிருந்தது. அக்கா கண்ணாடியை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து இருந்தார். தலையை ஒரு பக்கம் சரித்து, தோளைக் கொஞ்சம் உயர்த்தி, இரண்டு கையையும் இடுப்பில் குத்தியிருந்தார். அவருடைய நிழல் சரியாக அப்பாவின் முகத்திலும் நெஞ்சிலும் விழுந்திருந்தது. கமராவுக்கு அப்பா மறையவில்லை. நிலத்தில் ஸ்டூலின் காலடியில் சிவப்புப் பொட்டு, எந்த நேரத்துக்கு எங்கே நகர வேண்டும் என்று. சட்டையின் முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. என்னைக் கண்டு அசையவில்லை. கண்ணால் மட்டும் "கொஞ்சம் பொறுங்கோ" என்றார்.

கைபேசி கட்டிலில் கிடந்து பேசிக்கொண்டிருந்தது. லண்டன் தங்கையின் குரல். "உதிலை ஏன் குந்திக்கொண்டு இருக்கிறாய்? அப்பாவோடை ஏதாவது கதையன். சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறாய்."

"ஓம், கதைக்கிறன்" என்றார் அக்கா. அப்பாவைப் பார்த்து, "அப்பா, தங்கச்சி கதைக்கிறா" என்றார்.

நாலரைக்கு அந்தப் பேச்சு முடிந்தது. நான் அவரைக் குசினிக்குக் கூட்டிப்போய் முதுகுச் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்திலிருந்து தோள்வரை சிவந்து, இடையிடையே தோல் உரிந்து கறுத்திருந்தது. ஒரு நாளில் வந்த கறுப்பில்லை.

"எத்தினை நாளா?"

"பங்குனி கடைசியிலை இருந்து."

என் வாய் அன்றைக்குத்தான் திறந்தது. "உங்களுக்கு விசரோ? சூடு கண்ணாடிக்கு உள்ளுக்கை வந்தாப் பிறகு ஆர் மறிச்சும் பிரயோசனம் இல்லை. வெளியிலை மறிக்கவேணும். வெங்காய நாத்துக்கு மேலை கட்டுவினமே பச்சை வலை, அதை ஒரு கை தள்ளி முன்னுக்குக் கட்டினால் காத்தும் வரும், வெளிச்சமும் வரும். நான் நாளைக்குக் கட்டித் தாறன்."

"கேட்டு..." என்று தொடங்கினார். அறைக்குள்ளிருந்து அப்பா ஒரு சத்தம் போட்டார். பேச்சில்லாதவரின் சத்தம், எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியது. அவர் வாயை மூடி, என்னைப் பார்த்து, "கட்டுங்கோ" என்றார்.

ஐந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒருவரையும் கேட்காமல் வந்த ஒரே சொல் அதுதான். அவர் மனம் மாற முன் கட்டிவிட வேண்டும் என்று காலையிலேயே சுன்னாகத்தில் விவசாயச் சாமான் கடைக்குப் போய் வலை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆணி அடிக்கக் கூடாது என்றார். மொட்டைமாடிக் கம்பியில் கயிற்றைக் கட்டி, கீழே இரண்டு பூச்சாடிகளில் கம்பு நட்டு, கூடாரம்போல் சரித்து இழுத்துக் கட்டினேன். அக்கா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு றோட்டை றோட்டைப் பார்த்தார்.

அன்று நாலு மணிக்கு நான் அங்கேயே இருந்தேன். கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தோம், வெறும் இளஞ்சூடு. அறை முழுக்க வாழைத் தோட்டத்துக்குள் நிற்கிற மாதிரி ஒரு பசுமை. யன்னலைத் தள்ளித் திறந்தோம், காற்று வந்தது. அப்பாவின் கை சட்டத்தை விட்டது. கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டு நித்திரையாகிப் போனார். அக்கா கட்டில் காலடியில் நிலத்தில் இருந்து, இரண்டு காலையும் நீட்டி, சுவரில் சாய்ந்தார். அவர் கால் நீட்டி இருந்து நான் கண்டதேயில்லை. "கெட்டிக்காரி நீங்கள்" என்று எனக்குச் சொன்னார். கமராவை மறந்து உரத்தே சொன்னார்.

மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது. எடுக்க முதலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. அதை வந்து அவிட்டுத் தாறியளோ?"

கமராவில் அப்பாவின் முகம் பச்சையாகத் தெரிந்ததாம். செத்துப்போன ஆள் மாதிரி இருக்கிறார் என்று லண்டன் தங்கை அழுதாவாம். அண்ணருடைய கூட்டாளி ஒருவர் றோட்டால் போனவர், வீட்டைப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பி, கோழிக்கூடு போட்டிருக்கிறீர்களா என்று கேட்டாராம். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பார்த்திருக்கிறார்.

நான் ஏணியடியில் நின்று சண்டை பிடித்தேன். "அவை அங்கை இருந்து பாக்கிறது படம். இங்கை கிடந்து வேகுறது மனிசன். இதை ஒருக்கா எழுதுங்கோ. உங்களுக்கு ஏலாட்டில் தாங்கோ, நான் எழுதுறன்."

அவர் கைபேசியைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி. பிறகு மெதுவாகச் சொன்னார். "எழுதினால் சண்டை வரும். சண்டை வந்தால் அவை எடுக்கமாட்டினம். முந்தி ஒருக்கா வந்தது, வேறை விஷயத்திலை. எட்டு மாசம் ஒருத்தரும் எடுக்கேல்லை. இந்த வீட்டிலை அப்பாவும் கதைக்கமாட்டார். எட்டு மாசம் பிள்ளை. எனக்கு என்ரை குரலே மறந்துபோச்சு."

நான் ஏறி அவிழ்த்தேன். கட்டினதும் நான், அவிழ்த்ததும் நான். முடிச்சு இறுகியிருந்தது, கத்தியால் வெட்டினேன். அவர் வலையை வடிவாக மடித்து, "தோட்டக்காரர் ஆருக்கும் குடுங்கோ, வீணாப் போகக் கூடாது" என்று ஸ்கூட்டியில் வைத்துவிட்டார். படலையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது. அன்றைக்கு அவரை வெறுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். அது அவரில் வந்த வெறுப்பா, அவிழ்த்த என் கையில் வந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அப்பா ஆனி மாதத்தில் போய்விட்டார். வெயில்தான் கொண்டுபோனது என்று சொல்லமாட்டேன், எண்பத்தாறு வயது மனிதர். மூன்று நாடும் ஒன்றாக வந்திறங்கின. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பின்னேரம் நானும் போயிருந்தேன். அப்பாவின் அறைக்குள் அண்ணர் பெனியனோடு நின்றார். முதுகால் வியர்வை வழிந்தது. நல்ல முகம், உண்மையான அழுகை அழுதவரின் முகம். யன்னலைப் பார்த்து, பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார். "என்ன சூடடி இது? அப்பா எப்பிடி இதுக்குள்ளை கிடந்தவர்? இதுக்கு ஒரு வழி செய்திருக்கக் கூடாதே?"

அறைக்குள் நின்ற எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கின் நுனிவரை வந்தது. அக்கா என்னைப் பார்த்தார், வேண்டாம் என்று. பிறகு போய் நிலத்து மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணனுக்கு நேரே வைத்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு முன்வீடு பூட்டப்பட்டது. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அக்காவைப் பழையபடி அவருடைய பின்னறையிலேயே இருக்கச் சொன்னார்கள். படலையில் ஒரு கமரா, விறாந்தையில் ஒரு கமரா. நல்லூர்த் திருவிழா முடிந்த கிழமை, எனக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்ரை அறை யன்னலுக்கு ஒருக்கா அளவெடுக்க வாறியளோ?"

அவர் அறையை நான் கண்டதேயில்லை என்று அப்போதுதான் உறைத்தது. குசினியை ஒட்டி வெளியே புடைத்து நிற்கிற சின்ன அறை, அதற்கும் யன்னல் மேற்கே. கண்ணாடி முழுக்கப் பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. மேலே மேலே ஒட்டி, வெயிலில் பழுத்து, தொட்டால் உதிர்ந்தது. முன் யன்னலுக்கு நான் ஆறு தரம் நாடா பிடித்த காலமெல்லாம் இந்த மனிசி தாள் ஒட்டிய யன்னலுக்குக் கீழே படுத்திருக்கிறார்.

"உங்கை அண்ணற்றை கூட்டாளியின்ரை கண் படாது. வெளியிலை வலை கட்டி விடுறன்" என்றேன். அவர் தலையாட்டினார். "உள்ளுக்கு என்ன துணி எண்டு பாருங்கோ."

துணிக் கொத்தைப் புரட்டினார். மண்ணிறத்தைத் தாண்டினார், மஞ்சளைத் தாண்டினார். ஒரு நீலத்தில் விரல் நின்றது. மேலே நீலம், பின்பக்கம் சூட்டைத் திருப்பி எறிகிற வெள்ளை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுப் புரட்டினார். கடைசிவரை போய், திரும்பி அதற்கே வந்தார்.

"உது பிடிச்சிருக்கோ அக்கா?"

"சும்மா பாத்தனான்."

நீலம், சாம்பல், வெண்மஞ்சள் என்று மூன்றைக் கண்ணாடியில் பிடித்துப் படம் எடுத்து, சிக்னல் கிடைக்கிற குசினி மேசைக்கு வந்து குழுவில் போட்டார். "என்ரை அறைக்கு எது நல்லம்?" என்று கீழே எழுதினார். நாலு மணி. முந்தி மூன்று பேரும் திறந்து பார்க்கிற நேரம். மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள் என்று கைபேசி காட்டியது. ஒருவரும் எழுதவில்லை. தேத்தண்ணி குடித்தோம். "வேலையா இருப்பினம்" என்றார். நான் போகிறேன் என்று எழும்பினேன், "கொஞ்சம் இருங்கோ பிள்ளை" என்றார். மேசையில் கவிழ்த்து வைத்த கைபேசியை நிமிர்த்துவதும் கவிழ்ப்பதுமாக இருந்தார். ஐந்து மணி கடந்துவிட்டது.

பிறகு அது ஒரு சத்தம் போட்டது. கையைச் சோட்டியில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எனக்கு நீட்டினார். லண்டன் தங்கை அனுப்பியிருந்தது, உயர்த்திய ஒரு பெருவிரல். எழுத்து ஒன்றுமில்லை. மூன்று படங்களுக்கும் கீழே அது தனியாக நின்றது.

"பிள்ளை, இவா எந்தத் துணிக்கு ஓமெண்டுறா?"

அந்த விரலில் ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் நின்றுகொண்டோ கோப்பை கழுவிக்கொண்டோ பார்க்காமலே அமத்தியிருப்பார். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். இனியாவது உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லுங்கள் என்று இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை மறுமொழிக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். என்னால் முடியவில்லை.

"நீலத்துக்குத்தான் அக்கா. நீலம் நல்லமெண்டுறா."

"மெய்யாவோ?"

"ஓம்."

அவர் தோள் இரண்டும் இறங்கின. முகம் மலர்ந்தது. "எனக்கும் உதுதான் வடிவெண்டு பட்டது பிள்ளை. வெட்டுங்கோ அப்ப."

அந்தக் கிழமைக்குள்ளேயே தைத்து நானே கொண்டுபோய் மாட்டினேன். அக்கா திரைச்சீலையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, தள்ளி நின்று ஒரு படம் எடுத்து, லண்டனுக்கு நன்றி எழுதி அனுப்பினார்.